கேரவன் ட்ரெய்லர் இழுக்க டீசல் பிக்கப் வாங்கினேன்: தொப்பூர் கணவாயில் எனக்குப் புரிந்தவை

பயணம் என்று சொன்னால் போதும், என் அம்மா முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். வயது 71. இரண்டு முழங்காலும் மடங்காது. நெடுஞ்சாலையோரக் கழிப்பறைகளில் அவரால் உட்கார்ந்து எழ முடியாது, யாரிடமும் கேட்கவும் கூச்சம். நாவறண்டு, தலைசுற்றலோடு உட்கார்ந்து வருவார். அப்பா காலமான பிறகு இராமேசுவரம் போய் வரவேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்காகத்தான் வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு கேரவன் ட்ரெய்லர் ஒன்றைச் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். உள்ளே ஒரு கட்டில், ஒரு சிறு அடுப்பு, உட்கார வசதியான கழிப்பறை. எங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர். மாங்கன்று நாற்றங்கால் வைத்திருக்கிறோம். கன்று ஏற்றிய வண்டியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நானே ஓட்டுகிறேன், அதனால் ஓட்டுவதில் எனக்குப் பயம் இல்லை. ஆனால் ட்ரெய்லர் இழுப்பது வேறு வித்தை என்று சொல்ல எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினெட்டு மாதங்களும் நான்கு லட்சத்துக்கு மேல் பணமும் ஆயின. வேறு யாரும் அப்படித் தவிக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த முதல் தவறு வரிசையிலேயே இருந்தது. ட்ரெய்லரை முதலில் செய்யக் கொடுத்தேன், அதுவும் எடையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதி வாங்காமல். லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் 2023 தொடக்கத்தில் வேலை ஆரம்பித்தது. பன்னிரண்டு அடி நீளம், ஒற்றை ஆக்சில் (இரண்டு சக்கரங்களை இணைக்கும் அச்சு). “எண்ணூற்றைம்பது கிலோவைத் தாண்டாதம்மா” என்றார் பட்டறைக்காரர். லாரிக்குக் கூடு கட்டிப் பழகிய கை அது. எதைச் செய்தாலும் உறுதியாகத்தான் செய்யும். இரும்புச் சதுரக் குழாய், கனமான பிளைவுட், அதன்மேல் தகடு. இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் பின்பக்கக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்கள், கழிப்பறையும் பின்மூலையில். பார்க்க அழகாக இருந்தது. 4,60,000 ரூபாய் கொடுத்து எடுத்து வந்தேன். “இதற்கு ஆர்.சி. எல்லாம் தேவையில்லை, வண்டியோடு சேர்ந்ததுதான்” என்று, பதிவுச் சான்றே வேண்டாம் என்பதுபோல, பட்டறைக்காரர் சொன்னதையும் நம்பினேன். அது முழுத் தவறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988 ட்ரெய்லரைத் தனியாகவே வரையறுக்கிறது; பதிவு இல்லாமல் சாலையில் இழுத்துச் செல்ல முடியாது. காப்பீட்டிலும் ட்ரெய்லரைத் தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும். வேலை தொடங்கும் முன்பே வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் என்னென்ன சான்று தேவை என்று கேட்டிருந்தால், பின்னால் பட்ட அலைச்சலில் பாதி குறைந்திருக்கும். ட்ரெய்லர் செய்ய நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் அந்த அலுவலகத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.

அடுத்தது பிக்கப். அம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்து வரவேண்டும், உறவினர் இருவர் பின்னால் வரவேண்டும் என்பதால் நான்கு கதவு வைத்த டீசல் பிக்கப் தேடினேன். (வண்டி ஓடும்போது ட்ரெய்லருக்குள் யாரையும் உட்காரவைக்காதீர்கள். அது வீடு போலத் தெரிந்தாலும் மோதலைத் தாங்கும் கட்டமைப்பு கிடையாது.) கேட்ட இடத்தில் எல்லாம் குதிரைத்திறன் கணக்கையே சொன்னார்கள். நானும் அதையே பார்த்தேன். இழுவைக்கு உண்மையில் பார்க்கவேண்டியது டார்க் எனப்படும் முறுக்குவிசை, அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுழற்சியில் சுற்றும்போது கிடைக்கிறது என்பது. டீசல் எஞ்சின் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் சுழற்சியிலேயே நல்ல முறுக்குவிசை தருவதால்தான் பாரம் இழுக்க டீசலைத் தேடுகிறார்கள். இன்று நம் நாட்டில் விற்கும் டொயோட்டா ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், இசுசு வி-கிராஸில் 360. இரண்டும் புதிதாக வாங்க என் கைக்கு எட்டாத விலை. ஓசூரில் ஒரு தரகர் மூலம் 2016ஆம் ஆண்டு வண்டி ஒன்று 6,90,000 ரூபாய்க்குக் கிடைத்தது. எந்த நிறுவனத்து வண்டி என்பது முக்கியமில்லை, தவறு என் தேர்வில்தான். பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டி, கர்நாடகப் பதிவு.

கர்நாடகப் பதிவு என்பதைப் பற்றி ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று சொல்லியாகவேண்டும். எல்லை தாண்டினால் விலை குறைவு என்று மனம் இழுக்கும். ஆனால் அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கவேண்டும், கடன் இருந்தால் அதை நீக்கிய 35ஆம் எண் படிவம் வேண்டும், பெயர் மாற்ற 29, 30ஆம் எண் படிவங்கள், எல்லாவற்றுக்கும் மேல் தமிழ்நாட்டில் மறுபடி வரி. எனக்கு வரி, அலைச்சல், ஏஜென்ட் கூலி எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் ஆனது. விலையில் மிச்சம் பிடித்ததாக நினைத்தது ஐம்பதாயிரம்தான்.

ஆகஸ்டில் முதல் வெள்ளோட்டம். பெங்களூரில் இருக்கும் தம்பியிடம் காட்டலாம் என்று கிளம்பினேன். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகும் சாலையில் மேலுமலை ஏற்றம் இருக்கிறதே, அங்கே எங்கோ ஒரு லாரி நின்றுவிட்டதால் வண்டிகள் ஊர்ந்தன. ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்தி எடுக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கிளட்சைப் பாதி பிடித்தபடி ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் அசைந்தது. ஏழெட்டு முறை எடுத்ததும் தீய்ந்த வாடை வந்தது. பிறகு எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 31,000. பிளேட்டைக் கழற்றிக் காட்டியபோது மேற்பரப்பு கறுத்து, கண்ணாடி போலப் பளபளத்தது. “வண்டி பழசாகும் முன்பே பாரம் ஏறிவிட்டது அக்கா” என்று மெக்கானிக் தம்பி சொன்னார். நான் அப்போதும் பழைய வண்டியின் தேய்ந்த கிளட்ச் என்றே நினைத்தேன். பாரம் என்ன என்று நிறுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அன்று இருநூறு ரூபாய் கொடுத்து எடை மேடையில் ஏற்றியிருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

அக்டோபரில் இராமேசுவரம் கிளம்பினோம். அம்மா, சித்தி, நான். காவேரிப்பட்டணம் தாண்டி நாற்கரச் சாலையில் எழுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சொகுசுப் பேருந்து விருட்டென்று முந்தியது. அதன் காற்று தள்ளியதும் ட்ரெய்லரின் பின்பக்கம் மாட்டு வால் போல இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து இழுபட்டது. நான் பயந்து பிரேக்கை அழுத்தினேன், ஆட்டம் கூடியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினேன், இன்னும் கூடியது. எப்படியோ வேகம் குறைந்து அடங்கியது. அந்த நேரத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. பிரேக்கை அழுத்தி மிதிக்கக்கூடாது, வளைத்துத் திருப்பவும் கூடாது. அதைப் பின்னால்தான் அறிந்தேன். அன்று திரும்பி வந்திருக்கவேண்டும். அம்மா மூன்று ஆண்டு காத்திருந்த பயணம் என்ற ஒரே எண்ணத்தில் அறுபதுக்குள் ஓட்டிக்கொண்டு தொடர்ந்தேன்.

பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும் தொப்பூர் கணவாய் இறக்கம். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சில கிலோமீட்டரில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கனரக வாகனங்கள் குறைந்த கியரில் போகவும் என்ற பலகையை ஆயிரம் முறை படித்திருக்கிறேன். அது லாரிக்காரர்களுக்கு என்று நினைத்திருந்தேன். நான்காவது கியரில் இறங்கினேன். பின்னாலிருந்து யாரோ இரண்டு கையால் தள்ளுவது போல இருந்தது. பிரேக்கை மிதித்து மிதித்து விட்டேன். கட்டமேடு அருகே வரும்போது பிரேக் மிதி மெத்தை போல உள்ளே போனது, வண்டி நிற்கவில்லை. மூன்றாவதுக்கும் பிறகு இரண்டாவதுக்கும் இறக்கினேன், எஞ்சின் அலறியது, கைப்பிரேக்கை மெதுவாக இழுத்தேன், இடதுபக்கம் அகலமாக இருந்த ஓரத்தில் மண்மேட்டோடு உரசி நின்றது. முன்சக்கரங்களிலிருந்து வெள்ளைப் புகை. அம்மா ஒன்றுமே பேசவில்லை. கதவுக்கு மேலுள்ள கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

பின்னால் வந்த லாரியை நிறுத்தி ஒரு பெரியவர் ஓடிவந்தார். முதல் வேலையாகச் சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தார். நான் தண்ணீர் ஊற்றப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார்: “சூட்டில் ஊற்றினால் டிஸ்க் விரிசல் விட்டுவிடும்மா, தானாக ஆறட்டும்.” ட்ரெய்லரின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். அது குளிர்ந்திருந்தது. “இதற்குப் பிரேக்கே இல்லையே” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மொத்தப் பாரத்தையும் பிக்கப்பின் நான்கு சக்கரங்கள் மட்டுமே நிறுத்திக்கொண்டிருந்தன. “எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில்தான் இறங்கவேண்டும்” என்றும் சொன்னார். ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து தொப்பூரில் ட்ரெய்லரைக் கழற்றி வைத்தோம். அதை ஊருக்குக் கொண்டுவர மீட்பு லாரிக்கு 9,000 ரூபாய். பிரேக் டிஸ்க், பேடு, பின்பக்க லைனிங், எண்ணெய் மாற்ற 17,500.

அதன்பிறகுதான் போச்சம்பள்ளி சாலையில் ஒரு எடை மேடைக்குப் போனேன். பயணத்துக்குத் தயாராகத் தண்ணீர் நிரப்பி, சிலிண்டர், பேட்டரி, பாய் படுக்கை, பாத்திரம் எல்லாம் உள்ளே இருந்தபடி ட்ரெய்லரை ஏற்றினேன். சீட்டில் 1,610 கிலோ. காலி எடையே 1,280. வண்டியின் கையேட்டை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் 750 கிலோ வரை மட்டும் என்று ஒரு வரி, பொடி எழுத்தில். அதில் இரண்டு மடங்குக்கு மேல் என் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு மலை இறக்கியிருக்கிறேன். பிக்கப் தேடுகிறவர்கள் கையேட்டைத்தான் முதலில் கேட்கவேண்டும். அதில் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று என இரண்டு வரம்பு இருக்கும். விற்பவர் வாயால் சொல்வது எப்போதும் பெரிய எண்ணைத்தான். கையேட்டில் இழுவை வரம்பே இல்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

ஆட்டத்துக்கான காரணத்தையும் எங்கள் நாற்றங்காலிலேயே கண்டுபிடித்தேன். எரு மூட்டை நிறுக்கும் தராசுப் பலகை ஒன்று இருக்கிறது. சமதரையில் ட்ரெய்லரை நிறுத்தி, பிக்கப்பின் கொக்கியில் உட்காரும் மூக்குப் பகுதியை, கொக்கி இருக்கும் அதே உயரத்துக்குக் கட்டை கொடுத்து அந்தப் பலகையில் இறக்கினேன். முள் 40 கிலோவில் நின்றது. ட்ரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மூக்கில் இறங்கவேண்டும்; அதாவது எனக்கு நூற்றறுபது. தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் பின்னால் இருந்ததால் பின்பக்கம் அழுத்தி, மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. வால் கனத்த ட்ரெய்லர் ஆடியே தீரும். தராசில் இருக்கும்போதே பின்தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். தண்ணீர் மண்ணில் ஓட ஓட முள் ஏறியது. ஐம்பது, எழுபது, தொண்ணூறு. அதை நின்று பார்த்த ஐந்து நிமிடத்தில் எனக்குப் புரிந்த அளவுக்கு வேறு எந்த விளக்கமும் புரியவைத்ததில்லை.

இன்னொரு கணக்கும் பலர் பார்ப்பதில்லை. அந்த மூக்கின் எடை பிக்கப்பின் பாரத்தில் சேரும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் வண்டி சுமக்கக்கூடியது. அதில் மூக்கு, ஆட்கள், பின்தட்டில் வைக்கும் ஜெனரேட்டர், மூட்டை முடிச்சு எல்லாம் அடங்கவேண்டும். வரம்பு தாண்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கொக்கியையும் பாருங்கள். பம்பரில் பற்றவைத்த கொக்கி வேண்டவே வேண்டாம், வண்டியின் அடிச்சட்டமான சேஸில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கவேண்டும். கொக்கியின் மேலிருக்கும் இரும்பு உருண்டை 50 மில்லிமீட்டரா, 1⅞ அங்குலமா (ஏறத்தாழ 48 மில்லிமீட்டர்) என்று அளந்து, அதன்மேல் கவிழும் ட்ரெய்லரின் கிண்ணமும் அதே அளவா என்று உறுதிசெய்யுங்கள்; சின்ன உருண்டையில் பெரிய கிண்ணம் உட்கார்ந்ததுபோலத் தெரியும், பள்ளத்தில் குதித்தால் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காக மாட்டவேண்டும். டயர் பக்கச்சுவரில் நான்கு எண் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. என் வண்டியில் இருந்த பளபளப்பான டயர்கள் ஏழு ஆண்டு பழையவை.

முதல் பிக்கப்பை 5,10,000 ரூபாய்க்கு விற்றேன். 1,80,000 நட்டம். வாங்க வந்தவரிடம் ட்ரெய்லர் இழுத்ததையும் கிளட்ச் மாற்றியதையும் சொல்லியே விற்றேன், அதனால் விலை குறைந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ட்ரெய்லரை வேறொரு பட்டறையில் கழற்றி மறுபடி கட்டினோம். இரும்புக்குப் பதில் அலுமினியச் சட்டம், பிளைவுட்டுக்குப் பதில் இலேசான பலகை, எண்பது லிட்டர் தொட்டி ஆக்சிலுக்குச் சற்று முன்னால். ஓவர்ரன் பிரேக்கும் வைத்தோம். பிக்கப் பிரேக் பிடிக்கும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளலே ஒரு தண்டை அழுத்தி, கம்பியை இழுத்து, ட்ரெய்லரின் சக்கரப் பிரேக்கைப் பிடிக்கும். மின்சாரம் வேண்டாம், எளிமையான அமைப்பு. இதற்கெல்லாம் 1,35,000. இப்போது பயணத்துக்குத் தயாரான எடை 1,120 கிலோ, மூக்கில் 110. பதிவு வேலையையும் இந்தமுறை முதலிலேயே கேட்டுக்கொண்டு செய்தேன்.

அந்த எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் இரண்டாவது பிக்கப் தேடினேன். நான் கேட்ட கேள்விகள் மாறிவிட்டன. வெற்று எடை ட்ரெய்லரைவிட எவ்வளவு அதிகம்? இழுக்கும் வண்டி கனமாக இருந்தால்தான் ட்ரெய்லரால் அதை ஆட்ட முடியாது. என்னுடையது இப்போது எழுநூறு கிலோவுக்கு மேல் கூடுதல். நான்கு சக்கர இழுவையும் அதில் தாழ்நிலைக் கியரும் இருக்கிறதா? மேலுமலை போன்ற ஏற்றத்தில் நின்று எடுக்கத் தாழ்நிலைக் கியர் கிளட்சைக் காப்பாற்றும். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் நேராக, கொஞ்ச தூரத்துக்கு மட்டும். அந்த நிலையில் வளைத்துத் திருப்பினால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். பிறகு டீசல் வண்டிக்கே உரிய ஒன்று. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஒரே சீராக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். நான் தினமும் நாற்றங்காலிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய் வருபவள். அப்படி ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், வண்டி இழுக்காது. ட்ரெய்லர் பயணம் வருடத்துக்கு நான்கு முறை, குறுந்தூர ஓட்டம் தினமும் என்றால் இதை யோசித்தே வாங்கவேண்டும். நான் 2021 வண்டியை எடுத்தேன், ஆனால் வாங்கும் முன் மெக்கானிக் தம்பியை அழைத்துப்போய் ஸ்கேனரில் வடிகட்டியில் எவ்வளவு கரி தேங்கியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். வாரம் ஒருமுறை தருமபுரி வரை நாற்கரச் சாலையில் சீராக ஓட்டி வருகிறேன். இந்தத் தேடலில் முதலில் பார்த்த வண்டியை அந்த ஸ்கேனர் சோதனையால்தான் தவிர்த்தோம். தமிழ்நாட்டுப் பதிவு வண்டி மட்டுமே பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வரி, கிளட்ச், பிரேக், மீட்பு லாரி, விற்ற நட்டம், ட்ரெய்லர் மறுவேலை எல்லாம் கூட்டினால் 4,30,500 ரூபாய். எங்களுக்கு அது ஒரு பருவத்துக் கன்று விற்பனை. டீசலையும் கணக்கில் வையுங்கள். வெறுமனே ஓட்டினால் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தரும் வண்டி ட்ரெய்லரோடு எட்டுதான் தருகிறது.

2025 தை மாதத்தில் மறுபடி கிளம்பினோம். சித்தி வர மறுத்துவிட்டார், அவர் பயம் நியாயமானது. பாளையம் சுங்கச்சாவடி தாண்டி நிறுத்தி, சங்கிலியையும் பிரேக் கம்பியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாவது கியரில் இறங்கினேன். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பினார்கள். கட்டமேட்டில் அம்மா கைப்பிடியைப் பிடித்தார், இறக்கம் முடிந்ததும் விட்டார். சேலம், மதுரை என்று நிதானமாகப் போய் மறுநாள் காலை பரமக்குடி தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினேன். அம்மா தானாக இறங்கினார். ட்ரெய்லரின் கம்பியைப் பிடித்து இரண்டு படி ஏறி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, “அந்தத் தண்ணீர் பாட்டிலை எடு கண்ணு” என்றார்.